ஸ்கோர் ஏறினால் போன் வேகமாகிவிடுமா?

2008 அக்டோபரில் முதல் ஆண்ட்ராய்டு போன் விற்பனைக்கு வந்தது. ஹெச்டிசி ட்ரீம் என்று ஒரு பெயர், டி-மொபைல் ஜி1 என்று இன்னொரு பெயர். உள்ளே இருந்த குவால்காம் சிப் 528 மெகாஹெர்ட்ஸ் வரை ஓடக்கூடியது. ஆனால் போன் கைக்கு வந்தபோது அது 384 மெகாஹெர்ட்ஸைத் தாண்டாதபடி கட்டிப்போட்டிருந்தார்கள். ரூட் செய்து, அதாவது போனின் முழுக் கட்டுப்பாட்டையும் கையில் எடுத்து, ஸ்டீவ் காண்டிக் தொடங்கிய சயனோஜன்மாட் போன்ற கஸ்டம் ரோம் ஒன்றை, வெளியார் திருத்திய ஆண்ட்ராய்டைப் போட்டு அந்தக் கட்டை அவிழ்த்துவிட்டால் 37 சதவீதம் கூடுதல் வேகம் சும்மாவே கிடைத்தது. அடுத்த ஆண்டு வந்த மோட்டோரோலா ட்ராய்டு இன்னும் ஒரு படி மேல். 550 மெகாஹெர்ட்ஸில் விற்ற போனை 1 கிகாஹெர்ட்ஸுக்கு ஏற்றி ஓட்டியவர்கள் நிறைய பேர்.

சிப்பை இப்படி அதன் விற்பனை வேகத்துக்கு மேல் ஓட்டுவதுதான் ஓவர்கிளாக். அப்போது அதில் அர்த்தம் இருந்தது. ஒரே ஒரு கோர், குறைவான ரேம், மெனுவைத் திறக்கவே தயங்கும் போன். வேகத்தைக் கொஞ்சம் ஏற்றினாலும் விரல் நுனியில் வித்தியாசம் தெரியும். ஏற்றியது உண்மையிலேயே பலன் தந்ததா என்று சரிபார்க்கத்தான், போனின் வேகத்தைச் சோதித்து ஸ்கோர் தரும் பெஞ்ச்மார்க் ஆப்கள் பிரபலமாயின. மாற்றத்துக்கு முன் ஒரு ஸ்கோர், பின் ஒரு ஸ்கோர். ஓவர்கிளாக்கும் பெஞ்ச்மார்க்கும் ஜோடியாகவே வளர்ந்தன.

இன்றைக்கு அந்த ஜோடியில் ஒன்று கிட்டத்தட்ட நின்றுபோய்விட்டது, மற்றொன்று பெரிய வியாபாரமாகிவிட்டது. போனின் பிராசசரை வீட்டிலிருந்தபடி ஓவர்கிளாக் செய்பவர்கள் மிகக் குறைவு. பெஞ்ச்மார்க் ஸ்கோரோ அறிமுக விழா மேடையிலேயே திரையில் வந்து நிற்கிறது. ஆனால் அந்த ஸ்கோர் சொல்வது போனின் முதல் சில நிமிடங்களைப் பற்றி மட்டும்தான். அதற்குப் பிறகு போனின் வேகத்துக்கு எல்லை போடுவது சூடு. இதைப் புரிந்துகொண்டால் எந்த ஸ்கோரை நம்பலாம், எந்த மாற்றத்தைச் செய்து பார்க்கலாம் என்பது தானாகவே பிடிபடும்.

துடிப்பும் வோல்டேஜும்

பிராசசருக்குள் கடிகாரத் துடிப்பு ஒன்று ஓடிக்கொண்டே இருக்கும். 2 கிகாஹெர்ட்ஸ் என்றால் நொடிக்கு 200 கோடி துடிப்பு. ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் நடுவே, சம்பந்தப்பட்ட டிரான்சிஸ்டர்கள் எல்லாம் தங்கள் நிலையை மாற்றி முடித்திருக்க வேண்டும். துடிப்பை வேகப்படுத்தினால் அந்த இடைவெளி சுருங்கும். சுருங்கிய நேரத்துக்குள் டிரான்சிஸ்டர் மாற வேண்டுமானால் அதற்குக் கூடுதல் வோல்டேஜ் தேவை. இல்லையென்றால் சில இடங்களில் தவறான விடை வரும். ஆப் மூடிக்கொள்ளும், அல்லது போன் அப்படியே உறைந்து ரீஸ்டார்ட் ஆகும்.

அதனால் ஒவ்வொரு சிப்புக்கும் ஓர் அட்டவணை உண்டு. இந்த அதிர்வெண்ணுக்கு இந்த வோல்டேஜ் என்று படிப்படியாக எழுதி வைத்திருப்பார்கள். எந்த நேரத்தில் எந்தப் படியில் நிற்பது என்று தீர்மானிப்பது, ஆண்ட்ராய்டின் அடித்தளமான லினக்ஸ் கெர்னலுக்குள் இருக்கும் கவர்னர் என்ற பகுதி. பழைய போன்களில் ஆன்டிமாண்ட், இன்டராக்டிவ் என்ற கவர்னர்கள் இருந்தன. 2016-இல் லினக்ஸ் 4.7-உடன் வந்த ஷெட்யூட்டில் இப்போது பரவலாக இருக்கிறது. முந்தையவை ஒரு கோர் எவ்வளவு நேரம் வேலையாக இருந்தது என்று பார்த்து முடிவெடுத்தன. ஷெட்யூட்டில், வேலையைப் பங்கிட்டுத் தரும் ஷெட்யூலரிடமிருந்தே கணக்கை நேராக வாங்கிக்கொள்கிறது.

ரூட் செய்த போனில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். சிஸ்டம் ஃபோல்டர்களுக்குள் ஒவ்வொரு கோருக்கும் சிபியூஃப்ரீக் என்றொரு ஃபோல்டர் இருக்கும். அதில் தற்போதைய அதிர்வெண், உச்ச வரம்பு, கவர்னரின் பெயர் எல்லாம் தனித்தனிச் சிறு கோப்புகளாக இருக்கும். எண்கள் கிலோஹெர்ட்ஸில் இருப்பதால் 1.8 கிகாஹெர்ட்ஸ் என்பது 1800000 என்று தெரியும். தற்போதைய அதிர்வெண் கோப்பை அடிக்கடி வாசிக்கும்படி வைத்துவிட்டுத் திரையை ஸ்க்ரோல் செய்து பாருங்கள். போன் சும்மா இருக்கும்போது குவால்காம் சிப்கள் பலவற்றில் அந்த எண் 300000-இல் கிடக்கும். விரல் பட்ட கணத்தில் ஒரே தாவாகத் தாவி மேலே போகும். விரலை எடுத்தால் படிப்படியாக இறங்கும். தொட்டவுடன் போன் சுறுசுறுப்பாக இருப்பதற்காகவே தயாரிப்பாளர்கள் இந்தத் தாவலைத் தனியாக அமைத்து வைக்கிறார்கள்.

சரி, உச்ச வரம்புக் கோப்பில் பெரிய எண்ணை நாமே எழுதிவிட்டால் ஓவர்கிளாக் ஆகிவிடுமா? ஆகாது. அட்டவணையில் இல்லாத எண்ணைக் கெர்னல் ஏற்காது, அட்டவணையின் கடைசிப் படியோடு நிறுத்திக்கொள்ளும். அட்டவணையிலேயே புதிய படி சேர்க்க வேண்டும், அதற்கான வோல்டேஜையும் எழுத வேண்டும், அப்புறம் கெர்னலை மறுபடி உருவாக்கி போனில் ஏற்ற வேண்டும். அந்தக் காலத்து செட்சிபியூ போன்ற ஆப்கள் காட்டிய ஸ்லைடருக்குப் பின்னால் யாரோ ஒருவர் இரவு பகலாக உட்கார்ந்து திருத்திய கெர்னல் இருந்தது. அந்த உழைப்புக்குக் கிடைக்க வேண்டிய பெயர் கிடைக்கவே இல்லை என்பது என் ஆதங்கம்.

இனி செலவுக் கணக்குக்கு வருவோம். சிப் இயங்கும்போது இழுக்கும் மின்சாரம் அதிர்வெண்ணுக்கு நேர்விகிதத்திலும், வோல்டேஜின் வர்க்கத்துக்கு நேர்விகிதத்திலும் ஏறும். அதிர்வெண்ணை 10 சதவீதம் ஏற்றி, அதைத் தாங்க வோல்டேஜை 5 சதவீதம் ஏற்றினால் மின்செலவு 21 சதவீதம் கூடும். 20 சதவீத வேகத்துக்கு 10 சதவீத வோல்டேஜ் கேட்டால் மின்செலவு 45 சதவீதம் கூடிவிடும். அட்டவணையின் மேல்படிகளுக்குப் போகப் போக, அதே அளவு வேகத்துக்கு இன்னும் அதிக வோல்டேஜ் கேட்கும். கடைசிப் பத்துப் பதினைந்து சதவீத வேகம்தான் எப்போதும் விலை அதிகம். இத்தனைக்கும் இது டிரான்சிஸ்டர்கள் மாறும்போது ஆகும் செலவு மட்டும். மாறாமல் சும்மா இருக்கும்போதும் கொஞ்சம் மின்சாரம் கசிந்துகொண்டிருக்கும், சூடு ஏற ஏற அந்தக் கசிவும் ஏறும். சூடு கசிவைக் கூட்டும், கசிவு மறுபடி சூட்டைக் கூட்டும்.

ஒரே மாடல் போன்கள் இரண்டில் ஒன்று ஓவர்கிளாக்கைத் தாங்கி, மற்றொன்று உறைந்துபோவதற்கும் காரணம் இந்த வோல்டேஜ்தான். ஒரே தட்டிலிருந்து வெட்டி எடுத்த சிப்கள்கூட ஒன்றுபோல இருப்பதில்லை. ஒன்று குறைந்த வோல்டேஜிலேயே நன்றாக ஓடும், இன்னொன்றுக்கு அதிகம் வேண்டும். கூகுளின் நெக்ஸஸ் 4, நெக்ஸஸ் 5 போன்களின் காலத்தில் குவால்காம் சிப்களுக்கு பிவிஎஸ் என்று ஒரு தரவகை இருந்தது. தொழிற்சாலையில் சோதித்து, எந்த வகைக்கு எந்த வோல்டேஜ் அட்டவணை என்று சிப்பிலேயே பதித்துவிடுவார்கள். உயர்ந்த பிவிஎஸ் எண் கிடைத்தவருக்குக் குறைந்த வோல்டேஜ், அதனால் குறைந்த சூடு. யாருக்கு எது கிடைக்கும் என்பது முழுக்க அதிர்ஷ்டம். வேறொருவர் எழுதிய அமைப்பை அப்படியே நம் போனில் போடுவது ஆபத்து என்று சொல்வதன் காரணமும் இதுதான்.

சூடு எங்கே போகும்?

கணினிக்கு ஃபேன் இருக்கிறது, பெரிய உலோகத் தகடு இருக்கிறது. பெரும்பாலான போன்களில் ஃபேன் கிடையாது. கண்ணாடி, உலோகச் சட்டம், உள்ளே மெல்லிய கிராஃபைட் தாள், விலை கூடிய மாடல்களில் வெப்பத்தைப் பரப்பும் வேப்பர் சேம்பர். அவ்வளவுதான். ஒரு போன் தன் உடம்பு வழியாகத் தொடர்ந்து வெளியேற்றக்கூடிய வெப்பம் பொதுவாக 3 முதல் 5 வாட் வரைதான். பிராசசரும் கிராஃபிக்ஸும் முழுமூச்சில் ஓடும்போது இதைவிடப் பல வாட் கூடுதலாக இழுக்கும் சிப்கள் தாராளமாக இருக்கின்றன.

இதைத் தண்ணீர்த் தொட்டியாக நினைத்துக்கொள்ளலாம். கீழே சின்னத் துளை, மேலே பெரிய குழாய். தொட்டி காலியாக இருக்கும்வரை குழாயை முழுதாகத் திறந்துவிட்டாலும் பிரச்சினை இல்லை. நிரம்பிய பிறகு, துளை வழியே வெளியேறும் அளவுக்குத்தான் குழாயைத் திறக்க முடியும். போனின் உடம்பு வெப்பத்தை ஏற்றுக்கொண்டு சூடாகும் முதல் சில நிமிடங்கள்தான் அந்தக் காலியான தொட்டி. பெஞ்ச்மார்க் ஸ்கோர் பெரும்பாலும் அந்த நேரத்துக்குள்ளேயே வாங்கப்பட்டுவிடுகிறது.

தொட்டி நிரம்பியதும், சூட்டைக் கட்டுப்படுத்த வேகத்தைக் குறைக்கும் த்ராட்டிலிங் தொடங்கும். சிப்பின் வெப்பநிலையை மட்டும் அல்லாமல், பேட்டரியின் சூட்டையும், கையில் படும் மேற்பரப்பின் சூட்டையும் சென்சார்கள் கவனித்துக்கொண்டிருக்கும். சிலிக்கான் 80, 90 டிகிரியைக்கூடத் தாங்கிவிடும். உள்ளங்கை தாங்காது, பேட்டரியும் தாங்காது. லித்தியம் அயான் பேட்டரியை 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் செய்வதே நல்லதல்ல என்பது பொதுவான வழிகாட்டல். ஆகவே சிப் தன் எல்லையைத் தொடும் முன்பே, போன் தன் எல்லையைத் தொட்டுவிடும். அந்த நிலையில் அட்டவணையில் எத்தனை படி சேர்த்து வைத்திருந்தாலும் பலன் இல்லை, கவர்னரை அந்தப் படிக்கு ஏறவே விடமாட்டார்கள். ஏறவிட்டாலும் தொட்டி இன்னும் சீக்கிரம் நிரம்பும், இன்னும் கீழே இறக்குவார்கள். அரை மணி நேரம் கேம் ஆடினால், ஓவர்கிளாக் செய்த போன் செய்யாத போனைவிட மெதுவாக ஓடுவதற்கும் வாய்ப்பு இருக்கிறது.

2015-இல் போன்களில் வந்த குவால்காமின் ஸ்னாப்டிராகன் 810 சிப் இந்தப் பாடத்தை எல்லோருக்கும் பகிரங்கமாக நடத்தியது. நான்கு கார்டெக்ஸ்-ஏ57 கோர்கள், 20 நானோமீட்டர் தயாரிப்பு. காகிதத்தில் பிரமாதம். பல போன்களில் சில நிமிடங்களிலேயே பெரிய கோர்களின் வேகம் மளமளவென்று சரிந்தது. இதற்கு நேரெதிரான உதாரணம் 2022-இல் கிடைத்தது. ஸ்னாப்டிராகன் 8 ஜென் 1 சாம்சங் ஆலையில் தயாரானது. அதே வடிவமைப்பைக் கொஞ்சம் மெருகேற்றி தைவானின் டிஎஸ்எம்சி ஆலையில் செய்து 8 பிளஸ் ஜென் 1 என்று கொண்டுவந்தார்கள். உச்ச அதிர்வெண் 3.0-இலிருந்து 3.2 கிகாஹெர்ட்ஸுக்கு ஏறியது, மின்செலவோ குறைந்தது. வேகத்தை ஏற்றியும் சூட்டைக் குறைக்க முடிந்தது. டிரான்சிஸ்டரின் தரம் உயர்ந்ததுதான் அதற்குக் காரணம், கெர்னலைத் திருத்தி அதை யாரும் அடைந்துவிட முடியாது.

ஸ்கோர் என்ன சொல்கிறது?

ஆண்ட்ராய்டின் தொடக்க காலத்தில் குவாட்ரன்ட் என்ற பெஞ்ச்மார்க் மிகப் பிரபலம். பிராசசர், ரேம், ஸ்டோரேஜ், கிராஃபிக்ஸ் எல்லாவற்றையும் சோதித்து ஒரே எண்ணாகத் தரும். அதில் ஸ்டோரேஜ் பகுதிக்கு எடை அதிகம். முதல் சாம்சங் கேலக்ஸி எஸ் போனுக்கு லேக் ஃபிக்ஸ் என்ற மாற்றம் பரவலாக வந்தபோது, ஸ்டோரேஜின் கோப்பு முறையை மாற்றியதாலேயே குவாட்ரன்ட் ஸ்கோர் இரு மடங்குக்கும் மேல் எகிறியது. பிராசசரில் ஒரு மெகாஹெர்ட்ஸ்கூட ஏறவில்லை. போனின் தடுமாற்றம் ஓரளவு குறைந்தது உண்மை. ஆனால் ஸ்கோர் இரண்டு மடங்கானதால் போனும் இரண்டு மடங்கு வேகமாகிவிட்டது என்று நம்பியவர்கள் ஏமாந்தார்கள். பல சோதனைகளை ஓர் எண்ணுக்குள் அடைக்கும்போது, எதற்கு எவ்வளவு எடை என்று தெரியாதவரை அந்த எண்ணுக்கு அர்த்தம் இல்லை. அன்டுடு என்ற பெஞ்ச்மார்க்கின் பத்து லட்சம், இருபது லட்சம் என்ற ஸ்கோர்களுக்கும் இது பொருந்தும். சிபியூ (பிராசசர்), ஜிபியூ (கிராஃபிக்ஸ்), மெமரி, யூஎக்ஸ் (பயன்பாட்டு அனுபவம்) என்று உள்ளே நான்கு பிரிவாகத் தந்திருப்பார்கள், மொத்தத்தை விட்டுவிட்டு அந்த நான்கையும் தனித்தனியே பார்ப்பதுதான் முறை. வெவ்வேறு பதிப்பு அன்டுடு ஸ்கோர்களை ஒப்பிடவே கூடாது.

கீக்பெஞ்ச் கொஞ்சம் நேர்மையான கருவி என்பது என் கருத்து. கோப்பைச் சுருக்குவது, படத்தைத் திருத்துவது, பிடிஎஃப் காட்டுவது, நிரல் தொகுப்பது என்று நிஜமான வேலைகளைச் செய்யச் சொல்லி நேரம் பார்க்கிறது. 2023-இல் வந்த கீக்பெஞ்ச் 6-இல் இன்டெல் கோர் ஐ7-12700 பிராசசருக்கு 2500 என்று வைத்து மற்றதை எல்லாம் அதோடு ஒப்பிடுகிறார்கள். 1250 வாங்கிய போன் அதன் பாதி வேகம், அவ்வளவு எளிமை. சிங்கிள் கோர் ஸ்கோர்தான் அன்றாடப் பயன்பாட்டோடு நெருக்கமாக இருக்கும். ஆப் திறப்பது, வலைப்பக்கம் வருவது எல்லாம் பெரும்பாலும் ஒன்றிரண்டு வேகமான கோர்களின் தோளில் விழும் வேலை. ஆனால் கீக்பெஞ்ச் சோதனைகளுக்கு நடுவே சின்ன இடைவெளி விட்டு சிப்பை ஆறவிடுகிறது. அது வேண்டுமென்றே செய்யும் ஏற்பாடு, சிப்பின் திறனை மட்டும் தனியாக அளப்பதற்காக. தொட்டி நிரம்பிய பிறகு என்ன ஆகும் என்பதை அதனிடம் கேட்கக் கூடாது.

அதைக் கேட்க வேண்டிய இடம் 3டிமார்க் என்ற கிராஃபிக்ஸ் பெஞ்ச்மார்க்கின் ஸ்ட்ரெஸ் டெஸ்ட். ஒரு நிமிடக் காட்சியை 20 முறை தொடர்ந்து ஓட்டி, ஒவ்வொரு சுற்றுக்கும் ஸ்கோர் தரும். மிகக் குறைந்த சுற்றை மிக உயர்ந்த சுற்றால் வகுத்து நிலைத்தன்மை சதவீதம் என்று கடைசியில் காட்டும். ஓர் உதாரணம் வைத்துக்கொள்வோம். ஒரு போன் முதல் சுற்றில் 4,000 எடுத்து, ஆறாவது ஏழாவது சுற்றில் சரிய ஆரம்பித்து, 2,400-இல் போய் நிற்கிறது. நிலைத்தன்மை 60 சதவீதம். இன்னொன்று 3,400-இல் தொடங்கி 3,100-இல் முடிக்கிறது, 91 சதவீதம். கடையில் தொங்கும் போஸ்டரில் முதல் போன் வெல்லும். அரை மணி நேரம் கேம் ஆடுபவருக்கு இரண்டாவது போன்தான் வேகமானது. சதவீதத்தை மட்டும் பார்த்தாலும் தவறு நேரும், மெதுவான சிப் சூடாகாது என்பதால் 99 சதவீதம் எடுத்துவிடும். கடைசிச் சுற்றின் ஸ்கோரைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

தேர்வுக்கு மட்டும் படித்த போன்கள்

ஸ்கோருக்கு விற்பனை மதிப்பு வந்ததும் ஏமாற்றும் வந்தது. 2013 ஜூலையில் ஆனந்த்டெக் தளத்தார் சாம்சங்கின் எக்ஸினோஸ் சிப் கொண்ட கேலக்ஸி எஸ்4-ஐச் சோதித்தபோது, அதன் ஜிபியூ சில பெஞ்ச்மார்க்குகளில் மட்டும் 532 மெகாஹெர்ட்ஸில் ஓடுவதையும் மற்ற ஆப்களில் 480-ஐத் தாண்டாததையும் கண்டுபிடித்தார்கள். இதில் கவனிக்க வேண்டிய நுணுக்கம் ஒன்று உண்டு. ஜிஎல்பெஞ்ச்மார்க் 2.5.1 பதிப்பில் 532, அதே ஜிஎல்பெஞ்ச்மார்க்கின் புதிய 2.7 பதிப்பில் 480. சோதனை எவ்வளவு கடினம் என்பதற்கும் வேகத்துக்கும் சம்பந்தமே இல்லை, பட்டியலில் பெயர் இருக்கிறதா என்பதுதான் கணக்கு. போனின் மென்பொருளைத் துருவியபோது பெஞ்ச்மார்க் பூஸ்டர் என்ற பெயரே உள்ளே எழுதியிருந்தது.

அதோடு முடியவில்லை. 2018-இல் ஹுவாவேயின் சில மாடல்களை 3டிமார்க் தன் பட்டியலிலிருந்து நீக்கியது. அதே சோதனையை வேறு பெயர் கொண்ட ஆப்பாக ஓட்டிப் பார்த்தபோது ஸ்கோர் சரிந்ததே ஆதாரம். 2021-இல் ஒன்பிளஸ் 9 வரிசை வேறு திசையிலிருந்து அகப்பட்டது. அங்கே பெஞ்ச்மார்க்கை வேகப்படுத்தவில்லை, குரோம் போன்ற பிரபலமான ஆப்களைப் பெரிய கோர் பக்கம் போகவிடாமல் தடுத்திருந்தார்கள். 2022 மார்ச்சில், சூட்டைக் கட்டுப்படுத்த ஆப்களின் வேகத்தைக் குறைக்கும் சாம்சங்கின் கேம் ஆப்டிமைசிங் சர்வீஸ் பற்றிய விவகாரம் வெடித்தது. ஆயிரக்கணக்கான ஆப்களின் பெயர் அந்தச் சேவையின் பட்டியலில் இருந்தது, பெஞ்ச்மார்க் ஆப்கள் மட்டும் இல்லை. 3டிமார்க்கின் பெயரை ஒரு கேமின் பெயராக மாற்றி ஓட்டியபோது ஸ்கோர் பாதியளவுக்கு விழுந்தது. கீக்பெஞ்ச் எஸ்10 முதல் எஸ்22 வரையிலான வரிசைகளைத் தன் தரவரிசையிலிருந்து எடுத்துவிட்டது.

சூட்டையும் பேட்டரியையும் காப்பாற்ற வேகத்தைக் குறைப்பது தவறே இல்லை, நல்ல பொறியியல்தான் அது. ஆனால் ஆப்பின் பெயரைப் பார்த்துக் குறைப்பதும், சோதிப்பவர் வந்தால் மட்டும் விலக்கிக்கொள்வதும் வாங்குபவரிடம் பொய் சொல்வது. காசு கொடுத்தவருக்கு எது குறைக்கப்படுகிறது, ஏன் குறைக்கப்படுகிறது என்று தெரிய வேண்டும்.

இதே பெஞ்ச்மார்க் மக்கள் பக்கம் நின்றதும் உண்டு. 2017 டிசம்பரில் கீக்பெஞ்ச் நிறுவனர் ஜான் பூல், தங்களிடம் சேர்ந்திருந்த ஐபோன் 6எஸ் ஸ்கோர்களை ஐஓஎஸ் பதிப்பு வாரியாக வரைபடமாக்கினார். 10.2 பதிப்பில் எல்லா போனும் கிட்டத்தட்ட ஒரே இடத்தில் குவிந்திருந்தன. 10.2.1-க்குப் பிறகு கீழே தனித்தனியாகப் புதிய குவியல்கள். பழைய பேட்டரி உள்ள போன்களின் வேகத்தை மென்பொருள் குறைக்கிறது என்ற சந்தேகத்துக்கு அது வலுவான சான்று. தேய்ந்த பேட்டரியால் உச்ச மின்னோட்டத்தைத் தர முடியாமல் போன் திடீரென்று அணைந்துவிடுவதைத் தடுக்கவே அப்படிச் செய்தோம் என்று ஆப்பிள் சில நாட்களில் ஒப்புக்கொண்டு மன்னிப்பும் கேட்டது. அமெரிக்காவில் பேட்டரி மாற்றும் கட்டணத்தை 79 டாலரிலிருந்து 29 டாலராகக் குறைத்தது. பேட்டரியை மாற்றியவர்களுக்கு ஸ்கோர் பழைய இடத்துக்கே திரும்பியது. பழைய போனை வேகப்படுத்த நினைப்பவர்கள் கெர்னலைத் தேடும் முன் பேட்டரியின் நிலையைப் பார்க்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

ஓவர்கிளாக் ஏன் மங்கியது

ஜி1 காலத்தில் 144 மெகாஹெர்ட்ஸ் சும்மா கிடந்தது. இப்போது தயாரிப்பாளர் அப்படி எதையும் மிச்சம் வைப்பதில்லை. தொழிற்சாலையிலேயே நல்ல சிப்களைப் பொறுக்கி எடுத்து, வேகத்தை ஏற்றி, பெயருக்குப் பின்னால் ஒரு சொல்லைச் சேர்த்து விற்கிறார்கள். 2.84 கிகாஹெர்ட்ஸ் ஸ்னாப்டிராகன் 865, பிளஸ் சேர்த்ததும் 3.1 ஆனது. 8 ஜென் 2-இன் 3.2, சாம்சங்குக்கென்று தனியாகச் செய்த பதிப்பில் 3.36. ஓவர்கிளாக் ஒழிந்துவிடவில்லை, நம் கையிலிருந்து ஆலையின் கைக்குப் போய்விட்டது.

வழிகளும் அடைபட்டன. ஸ்னாப்டிராகன் 845 காலத்திலிருந்து அதிர்வெண், வோல்டேஜ் அட்டவணை கெர்னலின் கையில் இல்லை. சிப்போடு வரும் அடிப்படை மென்பொருளான ஃபர்ம்வேர் அதை எழுதுகிறது, தனி வன்பொருள் செயல்படுத்துகிறது, கெர்னல் எந்தப் படி வேண்டும் என்று கேட்க மட்டும் முடியும். அந்த ஃபர்ம்வேரில் தயாரிப்பாளரின் டிஜிட்டல் கையொப்பம் இருப்பதால் திருத்த முடியாது. ஜிபியூ பக்கம் மட்டும் கதவு கொஞ்சம் திறந்திருக்கிறது. சில ஸ்னாப்டிராகன் போன்களில் ஜிபியூவின் அட்டவணையைக் கோனாபெஸ் என்ற ஆப் மூலம் திருத்துகிறார்கள். அதற்கும் போனைத் தொடக்கும் மென்பொருளான பூட்லோடரின் பூட்டைத் திறந்து ரூட் செய்தாக வேண்டும். பூட்லோடரைத் திறக்கும்போது போனிலுள்ள தரவு முழுக்க அழிந்துவிடும். வங்கி ஆப்கள் பல வேலை செய்ய மறுக்கும். சாம்சங் போன்களில் நாக்ஸ் என்ற பாதுகாப்பு ஏற்பாடு ஒருமுறை உடைந்தால் திரும்பப் பழைய நிலைக்கு வராது. இவ்வளவையும் இழந்து கிடைப்பது முதல் ஐந்து நிமிடங்களுக்கான சில சதவீதம் என்றால், அன்றாடம் பயன்படுத்தும் போனில் இதைச் செய்யச் சொல்லி யாருக்கும் நான் பரிந்துரைக்க மாட்டேன். மேசை டிராயரில் தூங்கும் பழைய போன் இருந்தால் தாராளமாகச் செய்து கற்றுக்கொள்ளலாம். சிப்பும் கெர்னலும் எப்படிப் பேசிக்கொள்கின்றன என்று புரிந்துகொள்ள அதைப்போல நல்ல பாடம் வேறில்லை.

எதிர்த்திசையில் போவதில்தான் லாபம் அதிகம். அதே அதிர்வெண்ணை வைத்துக்கொண்டு வோல்டேஜை மட்டும் 8 சதவீதம் இறக்க முடிந்தால் மின்செலவு 15 சதவீதம் குறையும். சூடு குறைவதால் த்ராட்டிலிங் தள்ளிப்போகும், கடைசிச் சுற்றின் ஸ்கோர் உயரும். அட்டவணையைத் திருத்த முடிந்த பழைய போன்களில் அனுபவசாலிகள் கடைசியில் வந்து சேர்ந்தது இந்த அண்டர்வோல்ட் முறைக்குத்தான். ஒரே நேரத்தில் நிறைய இறக்காமல் ஒவ்வொரு படியாக இறக்கி, ஒவ்வொரு முறையும் நீண்ட சோதனை ஓட்டி, போன் உறைந்தால் ஒரு படி மேலே வருவது அவர்கள் வழக்கம்.

ரூட் இல்லாமலும் இதன் ஒரு பங்கு கைக்கு எட்டும். புதிய கேலக்ஸி போன்களின் செட்டிங்ஸில் பெர்ஃபார்மன்ஸ் ப்ரொஃபைல் என்ற இடத்தில் லைட் என்று ஒரு தேர்வு இருக்கிறது. மற்ற பிராண்டுகளிலும் இதுபோன்ற பேலன்ஸ்டு முறைகள் உண்டு. அட்டவணையின் விலை கூடிய மேல்படிகளை இவை தவிர்த்துவிடுகின்றன. உங்கள் போனில் இது எவ்வளவு உதவும் என்பதை நீங்களே அளந்துவிடலாம். போனைச் சார்ஜரிலிருந்து எடுத்து, கவரைக் கழற்றி, ஏரோபிளேன் மோடில் போடுங்கள். பேட்டரி பாதிக்கு மேல் இருக்கட்டும், திரை வெளிச்சம் ஒரே அளவில் இருக்கட்டும், அறையின் வெப்பமும் மாறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வழக்கமான ஸ்டாண்டர்டு முறையில் 3டிமார்க்கின் ஸ்ட்ரெஸ் டெஸ்டை 20 சுற்று ஓட்டிவிட்டு, போன் முழுவதும் ஆறிய பிறகு லைட் முறையில் 20 சுற்று. ஒரே ஓட்டத்தை நம்பிவிடாமல் இரண்டையும் சில தடவை திரும்ப ஓட்டி நடுவிலுள்ள மதிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் சுற்றில் லைட் முறை கண்டிப்பாகப் பின்தங்கும். பதினைந்தாவது சுற்றுக்கு மேல் இரண்டு முறைகளின் ஸ்கோரும் ஒன்றோடொன்று சேர்ந்துவிட்டால், அந்த மேல்படிகள் உங்கள் போனுக்குச் சூட்டைத் தவிர வேறெதையும் தரவில்லை என்று அர்த்தம், லைட்டிலேயே விட்டுவிடலாம். இடைவெளி கடைசிவரை அப்படியே இருந்தால் உங்கள் போன் சூட்டை நன்றாகவே வெளியேற்றுகிறது, கேம் ஆடும்போது ஸ்டாண்டர்டுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.